பீடி இல்லாத கைகள்

பல் டாக்டர்கள் பல்லுக்கு அச்சு எடுக்கும் ரோஸ் நிறப் பொடி ஒன்று உண்டு. தண்ணீர் விட்டுக் கலக்கினால் புதினா வாடை அடிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். டாக்டர்கள் அதைக் கரண்டியால் அளந்து கலக்குவார்கள். அதை வாளி வாளியாகக் கலக்கிய ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். அவரை நான் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். அமெரிக்காவிலிருந்து வந்த சிற்பி. முழங்கைவரை ரோஸ் பிசினோடு, முன்தலை மயிரில் ஒரு துளி காய்ந்து ஒட்டியிருக்க, வாளியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு மரத்துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்த அவருடைய முகம் இன்றைக்கும் அப்படியே கண்ணில் நிற்கிறது. போன மாதம் கடைவாய்ப் பல்லைக் காட்டப் போன இடத்தில் அந்த வாடை அடித்தது. பல்லைக் காட்டாமலே எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் ஊசிக்குப் பயந்துவிட்டேன் என்று இன்னமும் கேலி செய்கிறார்கள்.

நான் திருநெல்வேலியில் ஒரு எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவன். அதற்கு முன்னால் வளைகுடாவில் இதே வேலை. அங்கிருந்து கொண்டுவந்தது கொஞ்சம் இங்கிலீஷும் நிறைய முதுகுவலியும். ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஒரு நாள், கல்லூரி ஆசிரியர் ஒருவர் மேடத்தைக் கூட்டிக்கொண்டு கட்டு போடும் அறைக்கே வந்து நின்றார். மேடத்துக்கு மூன்று விஷயம் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. மாவும் அச்சும் தெரிய வேண்டும், இங்கிலீஷ் தெரிய வேண்டும், பெண்கள் பீடி சுற்றும் ஊரில் நாலு வீட்டில் உரிமையோடு நுழையத் தெரிய வேண்டும். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தெருவுக்குப் பத்து வீடு என்றால் எட்டு வீட்டில் பீடி சுற்றுவார்கள். என் அக்காவும் சுற்றினாள். மூன்றும் ஒரே ஆளிடம் வாய்த்ததில் ஆசிரியருக்கு ஏக சந்தோஷம். எனக்கும் சந்தோஷந்தான். கால் ஒடிந்தவன் கத்தலைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த நேரம், ஒரு மாத லீவு போட்டேன்.

ஊரில் வெள்ளைக்காரி வருகிறாள் என்று பேச்சாகிவிட்டது. சமுதாயக் கூடத்தில் பெண்களைக் கூட்டி வைத்திருந்தேன். ஆட்டோவிலிருந்து மேடம் இறங்கியதும் கூட்டமே அவருக்குப் பின்னால் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தது. எங்களை விட ஒரு பங்கு கறுப்பு குறைவு, அவ்வளவுதான். குட்டை உருவம், இரட்டைப் பின்னல், காதில் தொங்கட்டான். முன் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, “ஏலே, வெள்ளக்காரி வாரான்னு சொன்னியே, இது நம்ம களக்காட்டுச் சித்தி மவ மாதிரில்லா இருக்கு” என்றாள். கூடமே சிரித்தது. நான் அதை மொழிபெயர்த்ததும் மேடம்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். அவருடைய தாயும் தகப்பனும் மெக்சிகோவில் பிறந்து, வேலை தேடி எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனவர்கள். அங்கே அடுத்தவன் தோட்டத்தில் ஸ்ட்ராபெர்ரிப் பழம் பறித்தவர்கள். “எங்கள் ஊரிலும் என்னைப் பார்த்து எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள்” என்றார். அதைச் சொல்லும்போது சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

அவருடைய வேலையை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சிற்பம் என்றால் எங்கள் ஆட்கள் கோயில் தூணைப் பார்த்தவர்கள். யாளி, தேர், குறவன் தோளில் ராஜகுமாரி. இந்த அம்மா முகமே செய்வதில்லை. கை மட்டுந்தான். அதுவும் வேலை செய்கிற கை. வேலை செய்யும்போது கை எப்படி நிற்கிறதோ அப்படியே நிறுத்தி, கையில் இருக்கிற சாமானை மட்டும் எடுத்துவிடுவார். பழம் இல்லாத பழம் பறிக்கும் கை, துடைப்பம் இல்லாத பெருக்கும் கை, குழந்தை இல்லாத குழந்தை தூக்கும் கை. வாளியில் கலக்கிய பிசினுக்குள் அந்தக் கையை விட்டு அசையாமல் வைத்திருக்க வேண்டும். இறுகியதும் பைய உருவிக்கொள்ளலாம். உள்ளே கையின் பள்ளம் இருக்கும். அதில் மாவை ஊற்றி எடுத்தால் கை. நகத்தின் கோடுகூட விழும். அதைக் கொண்டு மறுபடி ஒரு அச்சு செய்து, தாமிரபரணி மண்ணை அதில் அழுத்தி எடுத்து, பக்கத்து ஊர்ச் சூளையில் சுடுவதுதான் அவருடைய திட்டம். மண்ணை அவரே தோண்டுவார். முழங்கால் சேற்றில் நின்று மண்ணை முகர்ந்து பார்த்து, இது வேண்டாம், அங்கே தோண்டு என்பார். மண்ணில் என்ன வாடை மேடம் என்று நான் முணுமுணுத்ததெல்லாம் உண்டு.

ஏன் இந்தக் கைப் பைத்தியம் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். எனக்கு நாக்கு சும்மா இருக்காது. அவர் கலைக் கல்லூரியில் படிக்கும்போது முதன்முதல் அச்சு எடுத்தது அவருடைய அம்மாவின் கையைத்தானாம். குனிந்தபடி பழம் பறித்துப் பறித்து விரல்கள் மடங்கிப் போன கை. அதைப் பத்துப் பன்னிரண்டு தடவை வார்த்து, ஒரு சுவர் முழுக்க வரிசையாக மாட்டியிருக்கிறார். எல்லோரும் பாராட்டினார்கள். அம்மா இருந்ததிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு பார்க்க வந்தாளாம். வந்தவள் சுவரைப் பார்த்ததும் தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாளாம். கடைசிவரை முன்னால் எடுக்கவேயில்லை. “அன்றைக்குத்தான் நான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். அம்மாவிடம் கேட்காமல் மாட்டியது தப்பு. அதற்குப் பிறகு யாரிடமும் கேட்காமல் எதையும் மாட்டியதில்லை” என்றார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் வேலை கூத்தாகிவிட்டது. பெண்கள் மடியில் சொளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு உட்கார்ந்து சுற்றுவார்கள். இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கி, கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பீடி. மேடம் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்ப்பார். சுருட்டுகிற நொடியில் நிறுத்தச் சொல்லி, விரலிடுக்கிலிருந்து பீடியை மெதுவாக உருவிவிடுவார். அவ்வளவுதான், கை குழம்பிப்போகும். விரலெல்லாம் ஒரு பக்கமாகச் சரியும். “சாமான் இல்லாம கை எப்படிம்மா நிக்கும்? வெறுங்கைய எப்படிப் பிடிக்க?” என்று பெண்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். மேடம் விடமாட்டார். திரும்பப் பீடியைக் கொடுத்து, திரும்ப உருவி, விரல்களுக்கு அந்த இடம் ஞாபகம் வரும்வரை காத்திருப்பார். அச்சில் விடுவதற்கு முன் ஒவ்வொரு கையையும் தன் கையில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தடவிப் படிப்பார்.

இரண்டாம் நாள்தான் ஒரு சங்கதி எனக்கு உறைத்தது. கை கொடுக்க முன்வந்தவர்கள் அத்தனை பேரும் கையில் ஏதாவது கோளாறு உள்ளவர்கள். ஒருத்திக்கு மணிக்கட்டு வீக்கம். ஒருத்திக்கு விரல் மடங்காது. ஒருத்திக்குச் சின்ன வயதில் ஒடிந்து கோணலாகக் கூடிய எலும்பு. நல்ல கைக்காரி ஒருத்தியும் வரவில்லை. தெருவிலேயே வேகமாகச் சுற்றுகிற ஒருத்தியை நானே கூப்பிட்டேன். “எனக்குக் கை நல்லாத்தானவே இருக்கு, நான் எதுக்கு உரு குடுக்கணும்?” என்று முறைத்தாள். அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் கை நோய்ப்பட்டால் கை உரு நேர்ந்துகொள்வோம், கால் நோய்ப்பட்டால் கால் உரு. கோயில் வாசலில் தட்டில் பரப்பி விற்பார்கள். தகட்டில் வெட்டிய கை, கால், கண். வாங்கிச் சுற்றி உண்டியலில் போட்டால் நோய் அதோடு போய்விடும் என்று நம்பிக்கை. கையை அச்செடுக்கிறார்கள் என்றதும் எங்கள் பெண்கள் அதைத்தான் நினைத்திருக்கிறார்கள். “இந்த அம்மா இதையெல்லாம் எந்தக் கோயிலுக்குப் போடப் போகுது?” என்று பெரியம்மா பக்தியோடு கேட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். உழைக்கிற கை கேட்டு வந்தவருக்கு ஊரில் உள்ள நோயாளிக் கையை எல்லாம் கூட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மேடத்திடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். அவர் சட்டைக்குள்ளிருந்து ஒரு கயிற்றை வெளியே எடுத்தார். அதில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு தகடு. ஒரு கை. அவருடைய அம்மா பிறந்த ஊரிலும் இதே வழக்கமாம். மாதா கோயிலில் புனிதரின் துணியில் கையும் காலும் இதயமுமாகத் தகட்டைக் குத்தி வைப்பார்களாம். அம்மா தன் கைக்காக வாங்கி, கோயிலுக்குப் போக வழியில்லாமல் வீட்டிலேயே வைத்திருந்த தகடு அது. பெண்கள் அதைக் கண்டதும் ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். “யாரையும் மாற்ற வேண்டாம். இவர்கள் கையே போதும். நான் இதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்” என்றார் மேடம். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னமோ மாதிரியும் இருந்தது.

அன்றிலிருந்து வருகிறவளிடம் எல்லாம், “ஒனக்குக் கையில என்ன கோளாறு, அதச் சொல்லு முதல்ல” என்று கேட்பது எனக்கு விளையாட்டாகிவிட்டது. நாலாம் நாள் என் அக்கா வந்தாள். நெற்றியில் திருநீறு, கையில் சோப்புப் போட்டுக் கழுவிய வாடை. அத்தான் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. பீடி சுற்றித்தான் ஒரே மகளைப் படிக்க வைத்தாள். அந்த மகளுக்கு, என் மருமகளுக்கு, வள்ளியூரில் மாப்பிள்ளை பார்த்து, மறு வாரம் நிச்சயம் வைத்திருந்தோம். ஆயிரம் வேலையைப் போட்டுவிட்டு அக்கா வந்திருக்கிறாளே என்று எனக்குப் பெருமை. மேடத்திடம் என் அக்கா என்று சொல்லி முன் இடத்தில் உட்கார வைத்தேன். ஊரில் அத்தனை பேரையும் கேட்ட கேள்வியை அவளை மட்டும் கேட்கவில்லை.

அக்கா சுற்றினாள். மேடம் பீடியை உருவினார். மற்றவர்களுக்கு விரலெல்லாம் சேர்ந்து சரியும் என்று சொன்னேனே, அக்காவுக்கு நாலு விரல்தான் சேர்ந்தது. சுண்டு விரல் தள்ளி நின்றது. மேடம் வழக்கம்போலக் கண்ணை மூடித் தடவிக்கொண்டு வந்தவர் சுண்டு விரலில் நின்றுவிட்டார். கண்ணைத் திறந்தார். மண் கீறுகிற குச்சியின் முனையால் அந்த விரல் நுனியை அழுத்தினார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். நகத்தைச் சுற்றி வெளுக்கிற அளவுக்கு. அக்கா கையை இழுக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த விரலில் அவளுக்கு உணர்வு இருக்கிறதா? கேள்” என்றார் மேடம். நான் குனிந்து பார்த்தேன். பிசின் படாமல் இருக்க அக்கா முந்தானையை ஒதுக்கிவைத்திருந்தாள். முழங்கைக்குக் கீழே, பெரிய பொட்டு அளவுக்குத் தோல் வெளிறிக் கிடந்தது. அங்கே முடியில்லை. ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் இருந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. தொழுநோயை எங்கள் பக்கத்தில் பெருவியாதி என்பார்கள். வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

கூடத்தில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். பன்னிரண்டு வாய். மறு வாரம் நிச்சயம். வள்ளியூர்க்காரர்கள் காதுக்குப் போனால் பெண்ணின் கதி என்ன? இது எல்லாம் ஒரே மூச்சில் என் தலைக்குள் ஓடியது. நான் அக்காவைப் பார்த்து, “கை நோவுதான்னு மேடம் கேக்காவ” என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு, “நோவே இல்லன்னு சொல்லு. ஒரு நோவும் இல்ல” என்றாள். நான் மேடத்திடம், “வலி எதுவும் இல்லையாம்” என்றேன். பொய் சொன்னதாகக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் சொன்னதைத்தானே சொன்னேன்? மேடம் என்னை வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகு ஒன்றும் கேட்காமல் வாளியைக் கலக்க ஆரம்பித்தார்.

மறு நாள் மதியம் ஆற்றங்கரையில் மண் எடுத்துக்கொண்டிருந்தோம். சாக்கைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால் மேடம் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருக்கிறார். “நேற்று நான் கேட்டதை நீ அவளிடம் கேட்கவில்லை” என்றார். இல்லை மேடம், கேட்டேன் என்றேன். “எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மொழிபெயர்க்கிறவன் முகம் தெரியும்” என்றார். பிறகு சொன்னார். அவருக்குப் பதினொரு வயது இருக்கும்போது அம்மாவின் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தனவாம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆஸ்பத்திரியில் மகள்தான் சொல்ல வேண்டும். பழம் பறிப்பதை உடனே நிறுத்தி ஆபரேஷன் செய்யாவிட்டால் கை போய்விடும் என்றாராம் டாக்டர். மகள் அம்மாவிடம், ராத்திரி தைலம் போட்டால் சரியாகும் என்று சொன்னாளாம். “வேலையை நிறுத்தினால் பிழைப்புக்கு வேறு ஊர் மாற வேண்டும். எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்” என்றார். சுவரில் மாட்டிய அந்த மடங்கின விரல்கள் பழம் பறித்து மட்டும் மடங்கியவை அல்ல என்பதும், வாழ்நாளெல்லாம் அவர் கை கையாக வார்த்துக்கொண்டிருப்பது எதற்காக என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபந்தான் வந்தது. “உங்களுக்கு இந்த ஊர் தெரியாது. நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள். நாங்கள் இங்கே பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டும்” என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. “எனக்கு அப்போது பதினொரு வயது. உனக்கு என்ன வயது?” என்றார். நான் சாக்கைத் தூக்கி ஆட்டோவில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் கிளம்பும் நாளில் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். நிச்சயம் முடிந்து வீடு கலகலவென்று இருந்தது. அக்கா கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். மேடம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்தார். சுண்டு விரலைத் தொட்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அந்த வெளிறின இடத்தைத் தொட்டார். ஆஸ்பத்திரி இருக்கும் திசையைக் கைகாட்டினார். இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். “என்னலே சொல்லுதாவ?” என்றாள். பக்கத்தில் மருமகள் புதுச் சேலையைக் காட்டுவதற்கு எடுத்துவைத்துக்கொண்டு நின்றாள். “போயிட்டு வாரேன்னு சொல்லுதாவ. கைய மறக்க மாட்டாவளாம்” என்றேன். அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “சரி, பைய போயிட்டு வரச் சொல்லு” என்றாள். படுபாவி, அன்றைக்குச் சாயங்காலமாவது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கல்யாணம் முடியட்டும் என்று வைத்தேன். கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருந்தது.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. மறுவீட்டு விருந்தன்று அக்கா அடுப்பிலிருந்து பாயசச் சட்டியை வெறுங்கையால் இறக்கினாள். தோல் கருகின வாடை வந்து பக்கத்தில் இருந்தவள் கத்திய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அப்புறந்தான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஒரு இளம் பெண். மாத்திரை இலவசம், ஒரு வருஷம் விடாமல் சாப்பிட்டால் பூரணமாகக் குணமாகும், யாருக்கும் ஒட்டாது என்றார். நோய் அப்படியே குணமாகவும் செய்தது. ஆனால் சுண்டு விரலும் மோதிர விரலும் அதற்குள் கொக்கியாக மடங்கிவிட்டன. “நரம்பு போயிட்டுது. முன்னாலேயே வந்திருந்தா விரலக் காப்பாத்தியிருக்கலாம். யாருமே கவனிக்கலியா?” என்று டாக்டர் கேட்டார். நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. முனை மடக்க முடியாத கைக்குப் பீடிக் கடையில் இலை கொடுக்கமாட்டார்கள். இப்போது பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு இலை நனைத்து அடுக்கிக் கொடுக்கிறாள்.

இதை எல்லாம் எதற்காக மறைத்தேனோ, அந்த வள்ளியூர்ச் சம்பந்தியம்மா விஷயம் தெரிந்ததும் நேரே வந்து நடுவீட்டில் உட்கார்ந்து எங்களைப் பிடித்து விளாசினாள். “எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சு. மாத்திரை தின்னாரு, போயிட்டு. இதுக்குப் போயி ஒரு பொம்பள கையக் கெடுத்தீயளே! வெவரம் கெட்ட மனுசங்களா இருக்கீயளே!” என்று அழுதாள். எல்லாச் சம்பந்தியும் அப்படி இருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால் இவளே என்ன சொல்லியிருப்பாளோ, அதுவும் யாருக்குத் தெரியும்? ஆனால் அன்றைக்கு அவள் முன்னால் தலை நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தது நான்தான்.

மேடத்துக்கு இது எதையும் நான் எழுதவில்லை. பொங்கல் வாழ்த்து அனுப்புவார், நானும் பதில் வாழ்த்து அனுப்புவேன். போன வாரம் ஒரு நீளமான செய்தி வந்தது. அந்த மண் கைகள் எல்லாம் சேர்த்துப் பெரிய கண்காட்சி வைக்கப்போகிறார். சுவரில் மாட்டப் போகிற ஒவ்வொரு கைக்காரியிடமும் நான் நேரில் போய் சம்மதம் கேட்க வேண்டும். கைக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும். கூடவே படங்கள். நாற்பது கைகள், பீடியில்லாமல், எதையோ பிடித்தபடி. அதில் ஒன்றில் சுண்டு விரல் தள்ளி நிற்கிறது. செய்தியின் கடைசியில், உன் அக்காவிடம் சரியாகக் கேள் என்று ஒரு வரி. வேறு யாரைப் பற்றியும் அப்படி ஒரு வரி இல்லை.

எல்லோரிடமும் கேட்டேன். “கை குணமாயிட்டுன்னு எழுதச் சொல்லு” என்றாள் பெரியம்மா. கடைசியாகத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். செல்போனைக் காட்டினேன். மடங்கின விரல்களின் முதுகால் படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவள் தன் கையில் வந்து நின்றாள். அப்போது சொல்லிவிட்டேன். அன்றைக்கு மேடம் உண்மையில் என்ன கேட்டார், கிளம்பும் நாளில் என்ன சொன்னார், நான் என்ன மாற்றிச் சொன்னேன் என்று ஒன்று விடாமல். அக்கா இலையைக் கீழே வைக்கவில்லை.

“தெரியும்லே” என்றாள்.

“கையில கோளாறுன்னு அப்பவே தெரியுமா? நேந்துக்கிட்டுத்தானக்கா வந்த? மத்தவுகள மாதிரி?” என்றேன்.

“சாமிக்குக் குடுக்கணும்னா கோயில் வாசல்ல தகடு வாங்கிப் போட்டிருக்க மாட்டனா? அந்த அம்மா குச்சியால அழுத்துனது எனக்குத் தெரியல. கண்ணால பாத்துத்தான் அழுத்துதாவன்னே தெரிஞ்சுது. ஒன் மொகத்தப் பாத்தேன். ஒனக்கு வெளங்கிட்டு. இப்பக் கேப்பான், இப்பக் கேப்பான்னு இருந்தேன். நீ, நோவுதான்னு கேட்ட.”

“நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“எப்படிலே சொல்லுவேன்? மவளுக்கு நிச்சயம் வச்சிருக்கையில எனக்கு இப்படின்னு என் வாயால எப்படி வரும்? நீ ஆஸ்பத்திரிக்காரன். நீயா கண்டுபிடிச்சு, ஏக்கா வா டாக்டர்ட்ட போவோம்னு சொன்னா வந்திருப்பேன். அதுக்குத்தான் வந்தேன். சாமிக்கு இல்ல. ஒனக்குக் காட்டத்தான் அந்த வாளிக்குள்ள கைய விட்டேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அழுதேன். ஐம்பது வயசு ஆம்பிளை, பீடி இலைக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “கைக்குக் கீழ என்ன எழுதணும்னு கேக்காவளாம்?” என்றாள்.

“நீ சொல்லுக்கா.”

“தம்பி பாக்கட்டும்னு குடுத்த கைன்னு எழுது. ஒண்ணும் மாத்திராத.”

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து இங்கிலீஷில் அடித்தேன். அடித்ததைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“அப்படியேதான் இருக்கா?”

“அப்படியேதான்க்கா இருக்கு.”

“சரி, அனுப்பு” என்றாள்.